பைத்தான் 3.13-க்கு மாறும் முன்

ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்) கட்டிய தளத்தைப் பைத்தான் 3.13-க்கு மாற்ற ஜாங்கோ 5.1.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். ஆனால் சிக்கல் பெரும்பாலும் ஜாங்கோவில் வராது. சி மொழியில் எழுதிய துணைத் தொகுப்புகளில்தான் வரும். உதாரணமாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைக்கும் சைகோபிஜி2-பைனரி தொகுப்பு 2.9.10-க்கு முந்தையது என்றால் 3.13-க்கான வீல் கோப்பு (முன்பே கம்பைல் செய்து வைத்த நிறுவல் கோப்பு) கிடைக்காது. தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப் போய், அதற்குத் தேவையான பிஜி_கான்ஃபிக் என்ற போஸ்ட்கிரெஸ் கருவி இல்லை என்று பல கணினிகளில் நின்றுவிடும்.

அதனால் முதலில் 3.13-இல் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றைப் பாதிக்காத தனி பைத்தான் சூழல்) உருவாக்கி, எல்லாத் தொகுப்புகளுக்கும் பிப்பின் 'ஒன்லி-பைனரி' ஆப்ஷன் (வீல் மட்டும் போதும், கம்பைல் வேண்டாம் என்பது) கொடுத்து நிறுவிப் பாருங்கள். எதற்கு வீல் இல்லையோ அதன் பெயரைச் சொல்லியே பிழை வரும்.

வலைப் படிவங்களைக் கையாளப் பைத்தானோடு வந்த பழைய சிஜிஐ மாட்யூல் 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பியிருக்கும் பழைய ஃபைல் அப்லோடு நிரல்கள் இம்போர்ட் வரியிலேயே உடையும். ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் மட்டும் பைத்தான் நிரலை இயக்க விடும் பூட்டு) இல்லாத பைத்தான் பில்டு இந்தப் பதிப்பில் சோதனை நிலையில்தான் இருக்கிறது. மக்கள் பயன்படுத்தும் தளத்தில் அதைப் போடாதீர்கள்.