பையனுக்குப் பெயரா? கடைசி எழுத்தைப் பாருங்கள்

நட்சத்திரத்துக்கு ஏற்ற முதல் எழுத்தை ஜோசியர் சொல்லிவிடுவார். கடைசி எழுத்து நம் கையில்தான் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப்போவது அதை இழுத்துத்தான்.

"அன்" முடிவு கூப்பிடத் தோதானது. கதிரவன் என்றால் "கதிரவா" என்று வாய் திறந்தபடி நிற்கும். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கும். வேல், தில், திர் என்று மெய்யில் முடிந்தால் பேச்சில் ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும்: சக்திவேலு, செந்திலு, கதிரு. அது பிடிக்காதவர்கள் இப்போதே யோசித்துவிடுங்கள், பிறகு ஊரைத் திருத்த முடியாது. ஷ், த் முடிவுகள் எழுத அழகு. ஆனால் அம்மாயி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வாயில் "தர்ஷித்" என்னவாகும் என்று ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

பழனிசாமி, ரங்கசாமி எல்லாம் பழசு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொங்குப் பக்கம் எந்தக் குழந்தையையும் "வா சாமி" என்றுதானே கொஞ்சுகிறோம்! அப்பாரு (தாத்தா) பெயரை விடவும் மனசில்லை, முழுசாக வைக்கவும் தயக்கம் என்றால் பாதியை எடுங்கள்: தங்கவேலின் பேரன் கதிர்வேல். அண்ணன் பெயரும் அதே ஒலியில் முடிந்தால் மட்டும் வேண்டாம். ஒருவனைக் கூப்பிட்டால் இருவரும் திரும்புவார்கள்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்.