சல்கந்தாய் மலைநடை: முதல் அடி வைக்கும் முன்

பெருவின் சல்கந்தாய் பாதையில் வழிகாட்டியோடு போகப் பணம் கட்டிவிட்டீர்களா? சரி, இனிதான் வேலை. நடை தொடங்கும் சொராய்பம்பா சுமார் 3,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கால் வலு மட்டும் போதாது, மூச்சும் பழகியிருக்க வேண்டும்.

முதலில் காலம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஆனால் இரவில் நீர் உறையும் குளிர் அடிக்கும்.

அடுத்தது உடம்பைப் பழக்குவது. இதில் மட்டும் அவசரப்படவே வேண்டாம். விமானம் இறங்கும் குஸ்கோவே 3,400 மீட்டர். அன்றே வண்டி பிடித்து ஒயாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அது சுமார் 2,800 மீட்டர்தான். இரண்டு இரவு அங்கே, அப்புறம் இரண்டு இரவு குஸ்கோவில். மது வேண்டாம். உயரமான இடங்களில் காற்று மெலிவதால் வரும் உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கோக்கா இலைத் தேநீர் தாராளமாகக் கிடைக்கும்; கொக்கெயின் எடுக்கப்படும் இலை என்பதால் அதை இந்தியாவுக்கு மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

மூட்டை: கோவேறு கழுதையில் ஏற்ற பெரும்பாலும் ஆளுக்கு 7 கிலோதான் அனுமதி. தண்ணீர், மழை அங்கி, கம்பளித் தொப்பி, பெருவின் பணமான சோல் சில்லறை நோட்டுகள் எல்லாம் உங்கள் முதுகுப் பையிலேயே இருக்கட்டும்.

கிளம்பும் நாளில் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே வேன் வந்துவிடும். வழியில் உள்ள மொயேபாத்தா என்ற ஊரில் காலை உணவு. அதற்குமேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை. பையிலுள்ள பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள், பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இறங்கியதும் உடனே நடக்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். சில வழிகாட்டிகள் மூன்று கோக்கா இலைகளை விசிறி போல் விரல்களில் பிடித்து, 6,271 மீட்டர் சல்கந்தாய் சிகரத்தை நோக்கி ஊதி வணங்குவார்கள். அங்குள்ள பூர்வகுடிகளான கெச்சுவா மக்களுக்கு அந்த மலை தெய்வம். நீங்களும் அமைதியாக நில்லுங்கள்.

மதியம் சுமார் 4,200 மீட்டரில் உள்ள உமந்தாய் ஏரிக்கு ஏறிவிட்டு, தூங்கக் கீழே வந்துவிடுங்கள். மறுநாள் 4,600 மீட்டரைத் தாண்டும் கணவாய்க்கு இதுவே ஒத்திகை. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ மறைக்காதீர்கள். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அன்றே கீழே இறங்குங்கள்.