ஏறின பாறையில் இறங்க முடியாமல் நிற்பது ஏன்? மலையேறும் இருவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பிமலை கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்று மேலே நிற்கிறது. இராஜகல அதைவிடத் தாழ்வு. உகந்தைமலை இன்னும் சின்னது. இந்த உயரங்களைக் கேட்டுவிட்டு, "காலையில போனா மத்தியானச் சோத்துக்கு வந்திரலாம் மச்சான்" என்று கூட்டாளிமார் இரண்டுபேர் ஒரு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுகிறார்களே, பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மலைகள் வயல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவில் தனித்து எழுந்த மொட்டைப் பாறைகள். பத்து மீற்றர் சரிவில் வழுக்கினாலும் எலும்பு முறியும். அந்த இடத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வர ஒரு முழுப் பொழுது வேண்டும்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, இறங்க முடியாத இடத்தில் ஏறிவிடுவது. ஏறும்போது கண்ணுக்கு நேரே கைப்பிடி தெரியும், அடுத்த அடி எங்கே என்று தெரியும். இறங்கும்போது கால் போகிற இடம் வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும், தொடையும் களைத்திருக்கும். அதனால் ஏறுவதற்கு இலகுவாகத் தெரிந்த ஐந்தடிப் பாறைமுகம் திரும்பி வரும்போது இருவரையும் அப்படியே நிறுத்திவிடும். கையையும் பாவிக்க வேண்டிய எந்த இடத்திலும் முதல் நான்கு அடி ஏறிவிட்டு, அங்கேயே நின்று, அதே நான்கு அடியையும் இறங்கிப் பாருங்கள். இறங்க வரவில்லையா, அந்த வழி உங்களுக்கில்லை. இருவரில் ஒருவருக்கு வரவில்லை என்றாலும் அதுதான் முடிவு.

இறங்கும்போது முகம் எந்தப் பக்கம் என்பதிலும் பிழை விடுகிறார்கள். சாய்வு குறைந்த பாறையில் வெளிப்பக்கம் பார்த்து, முழங்காலை மடித்து, சின்னச் சின்ன அடியாக வைக்கலாம். கை தேவைப்படுகிற செங்குத்தான இடத்தில் ஏணியில் இறங்குவதுபோல பாறையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். குந்தியிருந்து சறுக்கிக்கொண்டு வருவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காற்சட்டை தேய்வது இருக்கட்டும், சறுக்கத் தொடங்கிய உடம்பை நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

பயம் வந்ததும் நெஞ்சைப் பாறையோடு ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. அதுதான் வழுக்கவும் வைக்கிறது. உடம்பு முன்னால் சாய்ந்தால் பாதம் பாறையை அழுத்தாமல் பின்னுக்குத் தள்ளும், பிடி போய்விடும். இடுப்பைப் பாறையிலிருந்து சற்று விலக்கிப் பாரம் முழுவதையும் பாதத்துக்கு நேர் மேலே கொண்டு வாருங்கள். குதிக்காலைத் தாழ்த்தினால் றப்பர் அடி கூடுதலாகப் படும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் அசைய வேண்டும். ஏற்றுவது காலின் வேலை. கை சமநிலைக்குத்தான். கையால் இழுத்து இழுத்து ஏறுபவருக்கு அரை மணித்தியாலத்தில் முன்னங்கை விறைத்து விரல் திறந்துவிடும்.

கல்லை நம்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிழக்கில் இருப்பது பெரும்பாலும் நைஸ் (gneiss) எனப்படும் பழைய உருமாறிய பாறை. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கி, மழைநீரும் உள்ளே இறங்கி, வெங்காயத் தோல்போல மேல்தட்டு உரியும். பார்த்தால் உறுதியான விளிம்பு, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பிடிக்குமுன் உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டியான சத்தம் கேட்டால் பிடிக்கலாம். பொள்ளலாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள், வெளிநோக்கி இழுக்காதீர்கள். வெடிப்பில் முளைத்த செடியைப் பிடிப்பதும் இதே வகைத் தவறுதான். அதன் வேருக்கு நாலு விரல் மண் இருந்தாலே அதிகம்.

பாறையில் கறுப்புக் கோடுகள் வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் ஓடுகிற தடம் அது, பாசி படிந்திருக்கும். காய்ந்திருந்தால் நடக்கலாம். ஒரு தூறல் விழுந்தால் சவர்க்காரம் தடவியதுபோல ஆகிவிடும். போகும் வழி கறுப்புத் தடத்தைக் குறுக்கறுத்தால், மழை வந்தால் எப்படித் திரும்புவது என்பதை அங்கேயே நின்று பேசிவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

கூட்டாளிக்கு நேர் கீழே நிற்பதும் ஆபத்து. மேலே போகிறவர் ஒரு சின்னக் கல்லைத் தட்டிவிட்டாலும் கீழே வரும்போது அது மண்டையைப் பிளக்கும். செங்குத்தான துண்டுகளில் ஒருவர் ஏறி முடிக்கும்வரை மற்றவர் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். கல் உருண்டால் மேலே இருப்பவர் "கல்!" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டித் தலையை மூட வேண்டும். இதை அடிவாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தவர்தான் முன்னுக்குப் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால் மற்றவர் அவரைப் பிடிக்க அவசரப்படுவார், அல்லது தனித்துப்போவார். "எனக்கு இது ஏலாது" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் கதை இல்லை, திரும்ப வேண்டியதுதான். பகிடி பண்ணி ஏற்றுவது நட்பல்ல.

கடையில் வாங்கின நைலோன் கயிற்றை இருவர் இடுப்பிலும் கட்டிக்கொண்டு ஏறுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நிலையான பிடிமானத்தில் கட்டாத கயிறு ஒருவர் விழும்போது மற்றவரையும் சேர்த்து இழுக்கும். நிலையாகக் கட்டியிருந்தால்கூட அந்தக் கயிறு விழுகிற வேகத்தை உள்வாங்காது, விலா எலும்பில் இறுக்கி மூச்சை நிறுத்தும். கயிறு வேண்டும் என்று தோன்றுகிற இடம் பயிற்சியும் கருவியும் உள்ளவர்களுக்கான இடம்.

சப்பாத்து பற்றிச் சுருக்கமாக: றப்பர் செருப்பு வேண்டாம், அடி தேய்ந்த சப்பாத்து வேண்டாம், அன்றைக்குத்தான் வாங்கின சப்பாத்தும் வேண்டாம். பல நாள் அலுமாரியில் கிடந்த சப்பாத்தின் பசை காய்ந்திருக்கும், பாதி மலையில் அடி கழன்று வாய் பிளக்கும். முதல்நாள் கையால் மடித்துப் பாருங்கள். இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும், போத்தலும் போனும் முதுகுப் பைக்குள்.

தண்ணீர்க் கணக்கில்தான் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இருவருக்கு ஒரு ஒன்றரை லீற்றர்ப் போத்தல் போதாது. வைகாசி தொடங்கிப் பல கிழமைகள் கச்சான் காற்று அடிக்கிறது. அந்த வரண்ட காற்றில் வியர்வை வந்தவுடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியாது. ஒருவருக்கு 3 லீற்றர் குறையாமல், கச்சான் காலத்தில் 4 லீற்றர். பாதி முடிந்ததும் எங்கே நின்றாலும் திரும்புங்கள். சுனைத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது, மாடும் குரங்கும் அதில்தான் குடிக்கின்றன. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூளான ஜீவனியைக் கொண்டுபோகிறவர்களும் ஒரு பிழை விடுகிறார்கள். ஒரு பைக்கற் 1 லீற்றர் தண்ணீருக்கு உரியது. அதை அரை லீற்றர்ப் போத்தலில் கொட்டினால் உப்பு மிஞ்சி, களைப்பு இன்னும் கூடும். தலையிடி, குமட்டல், கதை குழறுவது தெரிந்தால் நிழலில் படுக்கவைத்து, உடுப்பை நனைத்து, விசிறுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

நேரம். விடிந்ததும் அடிவாரத்தில் இருங்கள், 10 மணிக்கு உச்சி வந்தாலும் வராவிட்டாலும் திரும்புங்கள். அதற்குப் பிறகு கல் சூடேறிக் கை வைக்க முடியாது. இறக்கத்துக்கு ஏற்றத்தின் பாதி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், பாறையில் இரண்டும் ஒன்றுதான். கார்த்திகையில் 5.45க்கு முன்னமே சூரியன் மறைகிறது. ஆளுக்கொரு ரோச் லைட் வேண்டும், போன் வெளிச்சம் கணக்கில் வராது.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி கட்டும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவென்றால் அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. மொட்டைப் பாறையில் உயர்ந்து நிற்பது நீங்கள் மட்டும்தான். உடனே இறங்குங்கள், தனி மரத்தடியிலும் குகை வாயிலிலும் ஒதுங்காதீர்கள். மாரியில் போவதே தவறு. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் ஊடாகக் குடும்பிமலைக்குப் போகிற வீதியை வெள்ளம் மூடினால் மலையிலிருந்து பத்திரமாக இறங்கியும் வீட்டுக்கு வர முடியாது.

அங்கே மாடு மேய்க்கிற பட்டிக்காரரிடம் கேட்காமல் பற்றைக்காட்டுக்குள் இறங்குவது இன்னொன்று. நேற்று யானை எங்கே நின்றது, எந்தப் பாதை இப்போது மூடியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஈரமான யானை லத்தியைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். பாறைக் குகைகளில் கரடி படுத்திருக்கும். பற்றைக்குள் பேசிக்கொண்டே நடந்தால் அது விலகிவிடும். ஆனால் பாறை நெற்றியில் தேன் வதை தொங்கினால் சத்தம், புகை, கல்லெறி எதுவும் கூடாது. தேனீ கலைந்தால் கொட்டினதால் சாவதைவிட, ஓடி விழுந்து சாவதுதான் அங்கே கிட்டிய ஆபத்து. அதனால் ஏறுமுன்னரே வதை எங்கே என்று பார்த்து வழியை மாற்றுங்கள். பழைய யுத்தப் பிரதேசங்களில் துருப்பிடித்த இரும்பைத் தொடாதீர்கள். காட்டு எல்லைக்குள் போக அனுமதி வேண்டுமா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இராஜகல போன்ற தொல்லியல் இடத்தில் பிராமிக் கல்வெட்டுள்ள பாறையில் கால் வைக்கவே கூடாது.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் தவறு. கடிபட்ட காலை அசையாமல் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல், பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இருவர் மட்டும் போகும்போது இதுதான் சிக்கல்: ஒருவர் உதவிக்கு ஓடினால் மற்றவர் தனியே. அதனால் போகுமுன் வீட்டில் ஒருவருக்கு எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குப் போன் வரும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் 119க்கு அழைக்கச் சொல்லுங்கள். அடிவாரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் பாறை மேலே கிடைக்கக்கூடும். அதற்காக ஒரு போனையாவது நிறுத்தி, சார்ஜ் மீதம் வையுங்கள்.

வீடு வந்ததும் குளிக்குமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் பூசவோ நெருப்புக் காட்டவோ வேண்டாம். சாவணத்தால் உண்ணியைத் தோலுக்குக் கிட்டப் பிடித்து நேரே இழுங்கள். அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.