ஒகேனக்கல் பரிசல்: ஒழுகலை அடைத்த விதம்

வலை போட்டுத் திரும்புவதற்குள் பரிசலில் கணுக்கால் அளவு தண்ணீர். கசிவின்மேல் அப்படியே தார் பூசினேன்; இரண்டே நாளில் உரிந்தது. ஈரத்தில் தார் பிடிக்காது.

கரையேற்றிக் கல்மேல் தூக்கி வைத்து, உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். சொட்டிய இடத்தை ஆணியால் கீறிக் குறித்தேன். பாறையில் உரசி முறிந்த மூங்கில் பத்தை ஒன்று, வெளியே போர்த்திய உறையைக் குத்தியிருந்தது. பத்தையை மாற்றாமல் ஒட்டுப் போட்டால் மறுபடி கிழியும்.

புதுப் பத்தை செருகி, கவிழ்த்து 2 நாள் காயவைத்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் பழைய தாரைச் சுரண்டினேன். இளகிய தார், அதன்மேல் சாக்குத் துணி, மறுபடி தார். புகை கக்கும்வரை தாரைக் காய்ச்சக் கூடாது, ஆறியதும் வெடிப்பு விட்டுவிடும். பரிசலைக் கவிழ்ப்பது இப்போது புங்கமர நிழலில்தான். பென்னாகரத்துச் சித்திரை வெயிலில் நல்ல தாரே வாய்பிளக்கும்.