“அது பரீட்சைக்கு வராது” என்று சொல்லாதீர்கள்

பல வருடங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “மிஸ், உச்சி வெயிலில் நிழல் காலுக்கடியில போயிடும்னு சொல்றாங்க. எங்க மொட்டை மாடியில நின்னு பார்த்தேன், போகலையே?” அன்றைக்குப் பாடம் முடியவில்லை, தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. “அது பரீட்சைக்கு வராதுப்பா, உட்காரு” என்றேன். உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அவன் பார்த்தது சரிதான். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டே நாள்: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் நடுவில் ஒன்று. அன்றும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது, சில நிமிடம் கழித்துத்தான் வரும். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகையை ஒட்டி ஓடுகிறது. சென்னை அதற்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால்தான் இந்தத் தாமதம். ஒரு குச்சியும் சாக்பீஸும் இருந்தால் மாடியிலேயே இதைப் பார்த்துவிடலாம். பதில் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. “வா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொன்னாலே போதும்.

பெற்றோர் செய்கிற பெரிய தவறு, படிப்பின் முடிவில் கிடைக்கும் வேலையை முதலில் காட்டுவது. ஆறாம் வகுப்பிலேயே ‘பவுண்டேஷன்’ கோச்சிங், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், சொந்தக்காரர் வந்தால் “ஐஐடியா, நீட்டா?” என்ற கேள்வி. பிளஸ் ஒன் வந்தபின் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பேட்டரியில் பல்பை எரியவைத்துப் பார்க்காத பிள்ளை, மின்சுற்றுக் கணக்கில் நான்கு விடைகளில் ஒன்றை வேகமாகக் குறிக்கப் பழகுகிறது. மதிப்பெண் குறைந்த முதல் நாளே ‘எனக்கு சயின்ஸ் வராது’ என்று அதுவே முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒரே காட்சிப்பொருளின் முன்னால் பிள்ளை அரைமணி நேரம் நின்றால் நிற்கட்டும். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

வழி ஒன்றே ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். முதலில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றது அதற்கெல்லாம் பிறகுதான். பத்தாவது முடித்து டிப்ளமோ சேர்கிற பிள்ளையை ‘அவ்வளவுதான்’ என்று பேசுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா சென்னைக்காரர். “பெண் பிள்ளைக்கு லேப், மெஷின் எல்லாம் எதுக்கு?” என்று கேட்கும் வீடுகளில் அவர் பெயரைச் சொல்லுங்கள். பொறியியலும் மருத்துவமும் மட்டும் அறிவியல் இல்லை. அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. அவற்றின் வாசலைப் பேருந்தில் தாண்டிப் போகிற பிள்ளைகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

கடைசியாக மொழி. “இங்கிலீஷ் வராதவனுக்கு எதுக்கு சயின்ஸ் குரூப்?” என்று தமிழ்வழி மாணவரிடம் கேட்பது கொடுமை. ஆங்கிலம் பிறகு வேண்டியிருக்கும், கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயம் முதலில் புரிய வேண்டியது, பிள்ளை யோசிக்கிற மொழியில். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூணில் லத்தீனோடு தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதற்கு முன்பு, அது என்ன நிகழ்வு என்பதை ஊர் மக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் சிறுநூல் கொண்டுவந்தார்.