போர்டு மட்டும் மாறட்டும், விண்டோஸ் அப்படியே இருக்கட்டும்

விண்டோஸ் 10, 11 இரண்டுமே மதர்போர்டு மாற்றத்தைப் பெரும்பாலும் தாங்கும். முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதே புது போர்டைப் பார்த்து வேண்டிய டிரைவர்களை (பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) போட்டுக்கொள்ளும். ஆனாலும் ஆடிட்டர் ஆபீஸ் மெஷின் கடைக்கு வந்தால், நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பது கடைசியில்தான். பழைய போர்டு உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதுதான் அதிகம்.

பேக்கப்பைச் சொல்லவே வேண்டாம். அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. டிஸ்க்கைப் பூட்டிய சாவி போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியை நம்பி இருக்கிறது. போர்டு மாறினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கும். "நான் அதை ஆன் பண்ணவே இல்லையே சார்" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்தபோது டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் இதே பூட்டு தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் கீயைப் பேப்பரில் எழுதுங்கள். அதே டிஸ்க்கில் நோட்பேடில் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

விண்டோஸ் லைசென்ஸ் தனியாக வாங்கிய ரீடெயில் என்றால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி பிசியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது பழைய போர்டோடு போய்விடும், புதிதாக வாங்கத்தான் வேண்டும். டாலி கணக்கு சாஃப்ட்வேர் இருந்தால் லைசென்ஸை சரண்டர் செய்து, பழைய போர்டிலிருந்து விடுவித்துவிடுங்கள். புது போர்டில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம்.

இனி பலரும் கவனிக்காத இடம். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் படியுங்கள் (பயாஸ் என்பது மெஷினை ஸ்டார்ட் செய்யும் போர்டின் சாஃப்ட்வேர்). லெகசி, அதாவது பழைய பூட் முறை என்றிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்டிஷன் முறையில் இருக்கிறது. புதிய போர்டுகள் பலவும் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டுமே ஏற்கும். டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் ஆகாது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் அதற்கேற்ற ஜிபிடி முறைக்கு டிஸ்க்கை மாற்றித்தரும். மாற்றி முடித்தபின் பழைய போர்டு லெகசியில் பூட் ஆகாது, அதனால் இதைக் கடைசியாகச் செய்யுங்கள். புது போர்டின் லேன் டிரைவரையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். நெட் வராவிட்டால் மற்ற டிரைவர்களை எங்கிருந்து இறக்குவது?

கழற்றி மாட்டுவதில் ஒன்றுதான் முக்கியம். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் புது போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். மீதியைக் கழற்றுங்கள். போர்டுக்கு அடியில் ஒன்று தவறான இடத்தில் நின்றால் ஷார்ட் ஆகும்.

ஆன் செய்ததும் நேராக பயாஸுக்குப் போங்கள். சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை), பழைய போர்டில் ஏஹெச்சிஐ என்றிருந்தால் இங்கும் அதுவே. இது ரெய்டு என்ற இன்னொரு முறைக்கு மாறிக் கிடந்தால் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று நீலத் திரை வரும். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வையுங்கள்.

முதல் பூட்டில் கருப்புத் திரையோடு கொஞ்ச நேரம் நிற்கும், ரீஸ்டார்ட்டும் ஆகும். பவர் பட்டனைத் தொடாதீர்கள். டெஸ்க்டாப் வந்ததும் லேன், சிப்செட் டிரைவர்கள். பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் அமுக்கி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போர்டின் ஆடியோ, ஃபேன் சாஃப்ட்வேர்களை அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் போதும்.