ஊதாச் சவ்வை அமிலத்தில் நீலமாக்கிப் பார்ப்பது எப்படி?

பிஎச் அளவீட்டைப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லித் தருவது ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்ற நுண்ணுயிரின் ஊதாச் சவ்வில் இருக்கும், ஒளியை உறிஞ்சும் புரதமான பாக்டீரியோரொடாப்சினை வைத்துத்தான். மாற்றம் வெறும் கண்ணுக்கே தெரியும், கருவியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

முதலில் மாதிரியைச் சில நிமிடம் வெளிச்சத்தில் வையுங்கள். இருட்டில் கிடந்த புரதத்தின் உறிஞ்சல் உச்சம் (அது மிக அதிகமாக உறிஞ்சும் ஒளியின் அலைநீளம்) 558 நானோமீட்டர். ஒளி பட்டபின் 568. இதைத் தவிர்த்தால் எது அமிலத்தின் வேலை, எது இருட்டின் வேலை என்று பிரிக்க முடியாது.

பிறகு நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். மீட்டர் நிலைத்த பிறகே நிறமாலை எடுங்கள். பிஎச் 3-ஐ நெருங்கும்போது ஊதா மங்கி நீலம் ஏறும். உச்சம் 605 பக்கம் நகரும். காரணம், புரதச் சங்கிலியின் 85ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பார்ட்டிக் அமிலம் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. நிறம் தரும் ரெட்டினல் மூலக்கூறு புரதத்தோடு இணையும் இடமான ஷிஃப் பேஸுக்குத் துணையாக இருந்த எதிர்மின்சுமை அதனால் போய்விடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் வேண்டாம். இன்னும் கீழே, பிஎச் 1 பக்கம் போனால் அந்த அமிலத்தின் குளோரைடு ஷிஃப் பேஸின் அருகே வந்து உட்கார்ந்து மறுபடி ஊதாவாக்கிவிடும். (அதுவும் அழகுதான், தனியாகச் செய்து பாருங்கள்.)

உப்பின் அளவைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அயனிகளை நீக்கிய சவ்வு, அமிலம் விடாமலே நீலமாகும்.

அமிலத்தில் சவ்வுத் துணுக்குகள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கும். புரதம் உறிஞ்சாத 800 நானோமீட்டரில் நிறமாலையின் அடிக்கோடு எழும்பினால் அந்த அளவீட்டை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியில் காரம் விட்டுப் பிஎச்சை ஏற்றுங்கள். ஊதா திரும்பினால் புரதம் கெடவில்லை.